எழுத்தை வகுத்தவர் யார்?
கணினித் தமிழ்க் குறியீடு உருவான வரலாறு

எழுத்து முப்பது என்றும், அவற்றைச் சார்ந்து வருவன மூன்று என்றும் தொல்காப்பியர் வகுத்தார். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு என்னும் அக்கணக்கைத் தமிழ் பயிலும் பிள்ளைகள் அரிச்சுவடியிலேயே அறிந்துகொள்கின்றனர். இன்று உலகெங்கும் கணினிகளும் கைப்பேசிகளும் பயன்படுத்தும் எழுத்து அட்டவணையில் இந்த முப்பதையும் தேடிப் பார்ப்போமானால் உயிர் பன்னிரண்டும் கிடைக்கும். மெய் ஒன்றுகூடக் கிடைக்காது. அங்கிருப்பது 'க' என்னும் அகரமேறிய உயிர்மெய். அதன்மேல் புள்ளி என்னும் தனிக்குறியை ஏற்றினால்தான் 'க்' பிறக்கிறது. மெய்யோடு உயிர் கூடி உயிர்மெய் ஆகும் என்பது நம் இலக்கணம். உயிர்மெய்யிலிருந்து உயிரைக் கழித்து மெய்யைப் பெறுவது அந்த அட்டவணையின் வழி. ஆய்தத்திற்கு அங்கே இடப்பட்டுள்ள பெயர் 'விசர்கம்'. தமிழ் எழுத்தில் வழங்காத அனுஸ்வாரத்திற்கும் தமிழின் பெயரால் அதில் ஓர் இருக்கை ஒதுக்கப்பட்டுள்ளது.

இவ்வட்டவணையை வகுத்தவர் யார்? எவரைக் கேட்டு வகுத்தனர்? தமிழறிந்தோர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தனர்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரை. கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தின் மலரில் பொறியியல் சார்ந்த இப்பொருளுக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். கட்டளைக் கலித்துறை பாடுவோர் ஒற்று நீக்கி எழுத்தெண்ணுவர். நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறு, நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழு. 'தமிழ்' என்னும் சொல்லில் நமக்கு எழுத்து மூன்று. ஒற்று நீக்கினால் இரண்டு. கணினியோ தன் இயல்பில் அதனை ஐந்தாக எண்ணுகிறது: த, ம, இகரக்குறி, ழ, புள்ளி. எழுத்தெண்ணிப் பாடும் மரபினர் இதனைப் பிறர் வேலை என்று விட்டுவிட இயலாது.

ஏடும் அச்சும் பொறியும்

எழுத்து வடிவத்தில் மாற்றம் வருவது தமிழுக்குப் புதிதன்று. ஓலையில் எழுதியோர் புள்ளியிடுவதைப் பெரிதும் தவிர்த்தனர். எழுத்தாணியின் முனை ஓலையைக் கிழித்துவிடும் என்பது அதற்குக் காட்டப்படும் காரணம். எகர ஒகரங்கள் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஏடுகளில் குறிலா நெடிலா என்பதை இடம் நோக்கியே படிப்போர் உணர வேண்டியிருந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்க 18ஆம் நூற்றாண்டில் வழி செய்தவர் வீரமாமுனிவர் (1680 - 1747). இரட்டைச்சுழிக் கொம்பை நெடிலுக்கு உரியதாக்கிய அவருடைய முறையையே இன்றும் எழுதுகிறோம். அவர் நம் பகுதிக்குப் புதியவர் அல்லர். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் சில காலம் தங்கிப் பணிபுரிந்தவர். அவருக்குப் பின்னால் அரசாணையோ வணிக நிறுவனமோ இல்லை. எழுதுவோர் கொண்டனர், படிப்போர் ஏற்றனர், பின்வந்த அச்சகத்தார் அதனையே ஈயத்தில் வார்த்தனர். மாற்றம் வேரூன்ற நெடுங்காலம் ஆயிற்று. அந்தக் காலம் அன்றைய தமிழுக்கு இருந்தது.

தட்டச்சுப் பொறி வந்தபோது நிலைமை மாறியது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை நாற்பது நாற்பத்தைந்து விசைகளில் அடக்குவது எப்படி? யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டு பிறந்து மலாயா நாட்டுக்குப் பிழைக்கச் சென்ற ஆர். முத்தையா இதற்கு விடை கண்டார். புள்ளிக்கும் இகர ஈகாரக் கொக்கிகளுக்கும் நகரா விசைகளை அமைத்தார். புள்ளியை அடித்தால் உருளை நகராது. அதன்மேல் எழுத்தை அடித்தால் இரண்டும் ஒன்றாகப் பதியும். ஜெர்மனியில் செய்யப்பட்ட 'பிஜோ' என்னும் கைப்பெட்டி வடிவப் பொறி 1930களில் தமிழோடு வெளிவந்தது. சங்கரன்கோவில் போன்ற சிற்றூர்களில் தட்டச்சுப் பயிலகங்களில் லோயர், ஹையர் தேர்வுக்குப் பயின்ற தலைமுறையினர் புள்ளியை முதலில் அடித்து எழுத்தைப் பின்னர் அடித்துப் பழகியது இந்த அமைப்பினால்தான். தனி மனிதர் ஒருவர் சிந்தித்தார், அயல்நாட்டுத் தொழிற்சாலை செய்தது. இரண்டும் கைகோத்த முதல் நிகழ்ச்சி என்று இதனைக் கொள்ளலாம்.

பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஆணையாக்கியது. ணா, றா, னா, லை, ளை போன்ற பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஓர் இதழிலும் அதனைச் சார்ந்த நூல்களிலும் நடைமுறையில் நின்று பழகிய பின்னரே அந்த ஆணை வந்தது என்பது கருதத்தக்கது. ஆணைக்கு முன்னே ஒரு சோதனைக்களம் இருந்தது.

நாகரியின் நிழலில்

கணினி எழுத்தின் வடிவத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்தாக வேண்டும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் அனைவரும் உடன்பட்டால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கலாம். உடன்படாவிட்டால் எழுதியது குப்பை. தரம் என்று தொழில்நுட்பத்தார் கூறுவது இந்த உடன்பாட்டையே.

இந்திய அரசின் மின்னணுத் துறை 1980களில் இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவான குறியீட்டுமுறை ஒன்றை உருவாக்கியது. 'இஸ்கி' எனப்படும் அது 1991இல் இந்தியத் தர அமைவனத்தின் ஏற்பையும் பெற்றது. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துமுறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டம் போதும் என்பது அதன் அடிப்படை. கட்டம் நாகரியின் வரிசைப்படி வரையப்பட்டது. கருத்தளவில் அதனைக் குறை கூற இயலாது; இந்தி எழுத்தில் தட்டச்சிட்டதை ஒரு நொடியில் தெலுங்கு எழுத்தாக மாற்றும் வசதி அதனால் கிடைத்தது. தமிழ் மட்டும் அந்தக் கட்டத்தில் ஒட்டவில்லை. வர்க்க எழுத்துகளுக்குரிய இடங்கள் தமிழில் வெற்றிடமாயின. ழ, ற, ன என்னும் நம் சிறப்பெழுத்துகள் கிடைத்த இடத்தில் அமர்த்தப்பட்டன.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் செராக்ஸ், ஆப்பிள் நிறுவனங்களைச் சேர்ந்த பொறியாளர் சிலர் உலக மொழிகள் அனைத்திற்கும் ஒரே அட்டவணை என்னும் முயற்சியில் இறங்கினர். 1991 சனவரியில் யூனிகோடு கூட்டமைப்பு பதிவு செய்யப்பட்டது. அக்டோபரில் முதற்பதிப்பு வெளிவந்தது. தமிழில் இதனை ஒருங்குறி என்கிறோம். முழு உறுப்பினர் கட்டணம் செலுத்திய நிறுவனங்களுக்கே முழு வாக்கு. கருத்துரையும் முன்மொழிவும் யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். முடிவு கூறுவோர் சிலரே. இந்திய மொழிகளுக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது அவர்கள் இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி வரைவை எடுத்து அப்படியே அட்டவணையில் பொருத்தினர்.

விளைவைத் தமிழ்ப் பகுதியின் வரிசையில் காணலாம்: க, ங, ச, ஜ, ஞ, ட, ண, த, ந, ன, ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ. நாகரியில் 'ந'வை அடுத்து ஒரு மாற்று னகரம் உள்ளதால் பதினெட்டாவதாக நிற்க வேண்டிய நம் னகரம் பத்தாம் இடத்திற்கு வந்தது. 'வ'வுக்குப் பின்வர வேண்டிய ழகரமும் ளகரமும் முன்னே போய்விட்டன, அதுவும் இடம் மாறி. ஞகரத்திற்கு முன்னே ஜகரம் நிற்கிறது. இந்த எண்வரிசைப்படி ஒரு சொல்லடைவை அடுக்கினால் அகராதி வரிசை குலைந்துபோகும். அதனைத் திருத்தத் தனியே ஓர் ஒழுங்குப் பட்டியல் எழுதி இணைக்க வேண்டும். மென்பொருள் செய்தோர் அவ்வாறே செய்து வருகின்றனர்.

பழியை முழுதும் அயல்நாட்டு நிறுவனங்களின்மேல் ஏற்றுவது நம்மவரின் வழக்கம். நான் அதற்கு உடன்படவில்லை. கொரிய மொழியின் நிலையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கொரிய எழுத்தும் உயிரும் மெய்யும் கூடி அசையாக அமைவதே. அந்நாட்டின் தேசியத் தரம் அசைகளுக்குத் தனித்தனி எண் கொடுத்திருந்தது. அந்நாட்டினர் விடாது வற்புறுத்தியதன் பயனாக 1996இல் ஒருங்குறியின் இரண்டாம் பதிப்பில் 11,172 அசைகளும் புதிய இடத்தில் முழுமையாக இடம்பெற்றன. பதினோராயிரத்துக்கு இடம் கொடுத்த அட்டவணையில் இருநூற்று நாற்பத்தேழுக்கு இடம் இல்லாமல் போனதற்கு, கேட்க வேண்டிய நேரத்தில் கேட்போர் இல்லாததும் ஒரு காரணம் அன்றோ? கொரியருக்காக எழுத்துகளை இடம் மாற்றியதால் விளைந்த குழப்பத்தைக் கண்ட கூட்டமைப்பு, ஒருமுறை இடம்பெற்ற எழுத்தை இனி நீக்குவதோ இடம் மாற்றுவதோ இல்லை என்று உறுதி பூண்டது. பெயரையும் மாற்றுவதில்லை என்னும் விதியும் உடன் வந்தது. ஆய்தம் விசர்கமாகவே நிலைத்துவிட்டதன் காரணம் இதுவே.

கடல் கடந்தோர் செய்த பணி

ஒருங்குறி தாளில் இருந்ததேயன்றி 1990களில் எவர் மேசைக்கும் வரவில்லை. தமிழில் எழுத விரும்பியோர் காத்திருக்கவில்லை. கனடாவில் வாழ்ந்த கு. சீனிவாசன் 'ஆதமி' என்னும் மென்பொருளை ஆக்கினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்னும் எழுத்துருவைச் செய்து விலையின்றி வழங்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி (1946 - 1999), சிறுகதை எழுத்தாளரும் ஆசிரியப் பயிற்சிக் கழக விரிவுரையாளருமான அவர், தம் முறைக்குக் 'கணியன்' என்று சங்கப் புலவரின் பெயரைச் சூட்டினார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது தமிழும் அவற்றுள் ஒன்றாக இருந்தது அவர் உழைப்பினால். இணையத்தில் தமிழ் முதன்முதல் கவிதையாக நுழைந்ததை நம் வட்டத்தார் நினைவில் கொள்ளலாம்.

இவர்களுள் பெரும்பாலோர் தமிழ் கற்பிக்கும் துறையைச் சேர்ந்தவர் அல்லர் என்பதைத் தமிழ்த்துறையைச் சார்ந்த நான் சற்று நாணத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆயினும் இவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறியீட்டைக் கையாண்டனர். ஒருவர் முறையில் எழுதிய மடல் மற்றவர் கணினியில் ஆங்கில எழுத்தும் பிற குறிகளும் கலந்த குவியலாகத் தோன்றும். ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை 1995இல் தொடங்கிய தமிழ்.நெட் மடலாடற் குழுவில் பல நாட்டுத் தமிழர் கூடியபோது இக்குறை வெளிப்படையாயிற்று. 1997 மே திங்களில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக எழுத்துருச் செய்வோரும் பயன்படுத்துவோரும் மின்மடல் வழியே பலகாலம் விவாதித்து ஒரு பொதுக் குறியீட்டை வகுத்தனர். அதுவே 'திஸ்கி'.

திஸ்கியின் அமைப்பைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். தமிழறிந்தோர் கையில் எழுத்து அட்டவணை கிடைத்தால் என்ன செய்வர் என்பதற்கு அது சான்று. அதில் மொத்த இருக்கை 256. முற்பாதி ஆங்கிலத்திற்கு. பிற்பாதியில் 128 இடங்களுக்குள் தமிழ் முழுவதும் அடங்க வேண்டும். உகர ஊகார உயிர்மெய்கள் ஒரு நெறிக்குள் வாராமல் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவன. கு, சு, டு, து என்று எழுதிப் பார்த்தால் புலப்படும். ஆகவே அவற்றுக்குத் தனித்தனி இருக்கை தந்தனர். கொம்பும் காலும் பிரிந்து நிற்பனவற்றைப் பிரித்தே வைத்தனர். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியோடு கூடிய தனி இருக்கைகள் கிடைத்தன. அகரமேறிய பதினெட்டும் க, ங, ச, ஞ என்று தொடங்கி ற, ன என்று முடியும் நம் நெடுங்கணக்கின் வரிசையிலேயே அமைந்தன. கிரந்த எழுத்துகள் வேண்டுமா என்பது பற்றி நிகழ்ந்த விவாதம் நம் தமிழ்த்துறைகளில் நடக்கும் விவாதங்களுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று; முடிவில் வழக்கிலுள்ளவை சேர்க்கப்பட்டன. வாக்குக்குக் கட்டணம் இல்லை. பேசியோரின் முகத்தைப் பேசியோர் பலர் அறியார்.

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் இந்தக் குறியீட்டுக்கு உயிரூட்டியது. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து, எவர்க்கும் விலையின்றி வழங்கினர். தொடக்கத்தில் தனி எழுத்துருக்களில் ஏறிய நூல்கள் பின்னர் திஸ்கிக்கும் அதன்பின் ஒருங்குறிக்கும் மாற்றப்பட்டன. ஒரே நூல் மும்முறை உருமாறியது. தரம் உறுதிப்படாத காலத்தில் தொண்டு செய்வோர் கொடுக்கும் விலை இது.

சென்னை மாநாடும் அதன் பின்னும்

1999 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு சென்னையில் இரண்டாம் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டியது. முதலமைச்சராக மு. கருணாநிதி இருந்த காலம்; பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன் முன்னின்று நடத்தினார். விசைப்பலகையைப் பொறுத்தவரை அம்மாநாடு அரிய பணியைச் செய்தது. 'தமிழ்99' என்னும் அப்பலகையில் உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்தன. ககரத்தை இருமுறை தட்டினால் முன்னதற்குத் தானே புள்ளி ஏறும். ஙகரத்தை அடுத்துக் ககரம், ஞகரத்தை அடுத்துச் சகரம் என்று இனவெழுத்துகள் தொடரும்போதும் புள்ளி தானே அமையும். நன்னூல் கற்றோர் அமர்ந்து செய்த பலகை என்று இதனைக் கண்டதும் கூறிவிடலாம். தட்டச்சுப் பொறியில் பயின்ற விரல்கள் இதற்கு மாற மறுத்தது வேறு செய்தி.

குறியீட்டில் அந்த ஒருமை கிட்டவில்லை. மாநாட்டின் பரிந்துரைப்படி, ஆங்கிலமும் தமிழும் கலந்த பயன்பாட்டுக்கு 'டாப்' என்றும், தமிழ் மட்டும் கொண்ட பதிப்புப் பணிக்கு 'டாம்' என்றும் இரு தரங்களை 1999 சூனில் அரசு ஆணையாக்கியது. திஸ்கியார் தம் வழியில் தொடர்ந்தனர். எழுத்துரு விற்கும் நிறுவனங்கள் தம் பழைய முறைகளைக் கைவிடவில்லை. நாளிதழ் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டது. படிக்க விரும்புவோர் அதனை இறக்கிக்கொள்ள வேண்டும். அலுவலகங்களில் வானவில், ஈழத்தில் பாமினி, அச்சகங்களில் வேறு சில. தரத்தை அறிவிப்பது எளிது. அதனைப் பின்பற்றாத மென்பொருளை வாங்குவதில்லை என்று அரசு தன் அலுவலகங்களையே கட்டுப்படுத்துவது எளிதாக இருக்கவில்லை போலும்.

இதன் விளைவை அறியாதவர் நம்முள் இல்லை. மேலநீலிதநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் பேருந்தேறிச் சென்று, கணினி அச்சகத்தில் அமர்ந்து, வரிக்கு வரி பிழை பார்த்து ஆய்வேடு தட்டச்சு செய்வித்தோர் பலர். என் முனைவர் பட்ட ஆய்வேடும் அவ்வாறு உருவானதே. குறுந்தகடு இன்றும் பேழையில் உள்ளது. திறந்தால் ஒரு சொல்லும் தமிழாக இல்லை. அச்சகத்தார்மேல் குறையில்லை. அவர்கள் கையாண்ட பேஜ்மேக்கர் மென்பொருள் ஒருங்குறியை அறியாதது. அதன் கடைசிப் பதிப்பே 2001இல் வந்தது. ஆயினும் பத்தாண்டுகளுக்கு மேலும் நம் சிற்றூர் அச்சகங்கள் அதனோடுதான் வாழ்ந்தன. நம் கவிஞர்களின் முதல் தொகுப்புகள் பலவற்றுக்கும் இதே நிலை. தாளில் உள்ளன, மறுபதிப்புக்கு மீண்டும் தட்டச்சிட வேண்டும்.

ஒருங்குறி வேரூன்றிய விதம்

மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 2000இல் 'லதா' என்னும் தமிழ் எழுத்துருவைச் சேர்த்து வெளியிட்டபோது நிலைமை திரும்பியது. எதையும் தனியே நிறுவாமல் தமிழைப் படிக்கலாம் என்னும் வசதிக்கு முன்னால் இலக்கண நேர்த்தி நிற்க முடியவில்லை. திஸ்கி 2007இல் அனைத்துலக இணையப் பதிவேட்டில் இடம்பெற்றது. அதற்குள் அதன் காலம் முடிந்துவிட்டிருந்தது.

நிறுவனங்கள் கொடுத்தன, நாம் பெற்றுக்கொண்டோம் என்று இதனைச் சுருக்கிவிடுவது வரலாற்றுப் பிழையாகும். விண்டோஸ் 2000ஐ வாங்க இயலாமல் பழைய கணினிகளோடு இருந்தோரே நம் நாட்டில் மிகுதி. அவர்கள் திரையிலும் ஒருங்குறித் தமிழ் தெரியுமாறு 'தேனீ' என்னும் இயங்கு எழுத்துருவைச் செய்தவர் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி (1953 - 2006). அவருக்கு இதனால் வருவாய் ஏதுமில்லை. 'எ-கலப்பை' என்னும் தட்டச்சுக் கருவியும் இலவசமாகவே வந்தது. பழைய குறியீடுகளிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றித் தரும் செயலிகளை ஈழத்தமிழரும் தமிழகத்தாரும் எழுதி வழங்கினர். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அதனையடுத்துப் பெருகிய வலைப்பதிவுகளும் ஒருங்குறியில் எழுதப் பழக்கின. நிறுவனத்தின் அட்டவணை ஊரார் கையால்தான் தமிழாயிற்று. ஆப்பிள் கணினிகளில் இன்று காணும் 'தமிழ் சங்கம் எம்.என்.' என்னும் எழுத்துருவின் இறுதி ஈரெழுத்து முத்து நெடுமாறனின் பெயர் முதலெழுத்துகளே.

2000ஆம் ஆண்டு சிங்கப்பூரில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தபின் ஒருங்குறிக் கூட்டமைப்போடு தொடர்ந்து கடிதப் போக்குவரத்து நடந்தது. தமிழ்நாடு அரசும் பின்னர் அதில் உறுப்பினராயிற்று. தமிழ் நாள், திங்கள், ஆண்டுக் குறிகள் 2003இலும், தமிழ்ச் சுழியம் 2005இலும் சேர்ந்தன. கேட்டவை கிடைத்தன; ஆனால் அடித்தளம் அசையவில்லை. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொண்ட மற்றொரு குறியீட்டை அறிஞர் குழு வடிவமைத்தது. 'டேஸ்16' எனப்படும் அது மெய்யும் உயிரும் கூடினால் உயிர்மெய்யின் எண் கணக்காகவே கிடைக்கும்படி அமைந்தது. இலக்கண நோக்கில் இதனினும் சிறந்தது இல்லை என்பேன். 2010 சூனில், கோவைச் செம்மொழி மாநாட்டு நாள்களில், ஒருங்குறியைத் தரமாகவும் டேஸ்16ஐ மாற்றுத் தரமாகவும் அரசு ஆணையிட்டது. ஆயின் ஒருங்குறி அட்டவணையில் எவரும் தமக்குள் பயன்படுத்திக்கொள்ளவென்று விட்ட தனிப்பயன் பகுதியில்தான் அது குடியிருக்கிறது. கைப்பேசி செய்வோர் அதனை மதிக்கக் கடமைப்பட்டவர் அல்லர், மதிக்கவும் இல்லை. சிறந்தது தோற்றது. பத்தொன்பது ஆண்டு தாழ்த்தி வந்த எதற்கும் அதுவே நேரும்.

கிரந்தச் சிக்கல்

அதே 2010இன் இறுதியில் எழுந்த சிக்கல் தமிழுலகை உலுக்கியது. தமிழ்ப் பகுதியோடு இருபத்தாறு கிரந்த எழுத்துகளைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு முன்மொழிவு சென்றது. கிரந்தத்திற்குத் தனி அட்டவணை அமைத்து, அதனுள் எ, ஒ, ழ, ற, ன என்னும் நம் எழுத்துகளைச் சேர்க்க வேண்டும் என்று மற்றொன்று சென்றது. வடமொழி நூல்களைப் பதிப்பிப்போருக்குக் கிரந்தம் தேவை என்பது மெய். பல்லவர் சாசனங்களைப் படிப்போர் அதனை மறுக்க மாட்டார்கள். தமிழின் எல்லைக்குள் அது நுழைவதும் தமிழின் எழுத்து அதற்குள் போவதும் வேறு. இதழ்களில் கட்டுரைகள் வந்தன, அறிஞர்கள் ஆவணங்களோடு எழுதினர், முதலமைச்சர் கருணாநிதி நடுவணரசுக்குக் கடிதம் எழுதினார், முடிவு ஒத்திவைக்கப்பட்டது.

2014இல் கிரந்தம் தனிப் பகுதியாக ஒருங்குறியில் ஏறியபோது அந்த ஐந்து தமிழ் எழுத்துகளும் அதில் இல்லை. அவற்றுக்குரிய கட்டங்கள் வெற்றிடமாகவே விடப்பட்டுள்ளன. 1991இல் தமிழ்ப் பகுதியில் வர்க்க எழுத்துகளுக்காக விடப்பட்ட வெற்றிடங்களையும், 2014இல் கிரந்தப் பகுதியில் தமிழுக்காக விடப்பட்ட வெற்றிடங்களையும் அருகருகே வைத்து நோக்க வேண்டும். முன்னவை நம்மைக் கேளாமல் வந்தவை. பின்னவை நாம் கேட்டதால் வந்தவை. வாக்குரிமை பெற்ற நிறுவனங்கள் இரு காலத்திலும் ஏறத்தாழ ஒரே தன்மையனவே. கூட்டத்தின் மேசைக்குச் சென்ற தாள்களே மாறின. உணர்ச்சிமிக்க கண்டனக் கடிதங்களைவிட, இந்த எழுத்து இந்த நூலில் இந்தப் பக்கத்தில் இவ்வாறு வழங்குகிறது என்று படியெடுத்துக் காட்டிய தாள்களுக்கே அங்கு மதிப்பு இருந்தது. அவ்வகைத் தாளை எழுதத் தக்கவர் தமிழ் கற்றோரே. பொறியாளர் எழுத்துருச் செய்வார். ழகரம் எங்கெங்கு வழங்கும், எங்கு வழங்காது என்பதைச் சான்று காட்டி நிறுவுவது நம் தொழில்.

அண்மைக்காலச் சேர்க்கை ஒன்று நம் வட்டாரத்தோடு நெருங்கிய தொடர்புடையது. முந்திரி முதலிய கீழ்வாய் எண்களும், ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு என்னும் முகத்தலளவைக் குறிகளும், காசு, பணம், வராகன் முதலியவற்றின் குறிகளும், குழி, வேலி என்னும் நில அளவைக் குறிகளுமாக ஐம்பத்தொன்று 2019இல் 'தமிழ் இணைப்பு' என்னும் புதிய பகுதியாக ஒருங்குறியில் இடம்பெற்றன. முன்மொழிவு எழுதப்பட்டுப் பல ஆண்டுகள் திருத்தங்கள் நடந்தன. பழைய கணக்கு நூல்களும் ஏடுகளும் சான்றாகக் காட்டப்பட்டன. அவற்றுக்கான எழுத்துருக்களும் வந்துவிட்டன. பழைய கணக்கேடுகளையும் கைச்சாத்துகளையும் பரணில் வைத்திருக்கும் குடும்பங்கள் மேலநீலிதநல்லூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்னும் இருக்கக்கூடும். உறுப்பினர் எவர் கையிலேனும் அத்தகைய ஏடு இருப்பின் ஒளிப்படம் எடுத்து நம் வட்டத்திற்கு அனுப்புமாறு வேண்டுகிறேன். ஐம்பத்தொன்றில் அடங்காத குறி ஒன்று அவற்றில் இருந்தால், அதற்கான முன்மொழிவை எழுதும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.